அட்டை மாறிய தட்டு

சிங்கப்பூரில் எங்கள் வீட்டு ஷோகேஸின் மேல்தட்டில் ஒரு பானை ஓடு இருக்கிறது. உள்ளங்கையில் பாதி அகலம். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் வழவழப்பு. 2017-ல் திருப்புவனத்திலிருந்து மாமா எங்களைப் பார்க்க வந்தபோது கொண்டுவந்தது. வேட்டிக்குள் சுருட்டி, அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றி, முறுக்கு டின்னுக்கும் அப்பள மூட்டைக்கும் நடுவே பத்திரமாக வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் முறுக்கை எடுக்கவில்லை, இதைத்தான் முதலில் எடுத்தார். "மாப்ள, இது என்னன்னு தெரியுமா? கீழடி!" என்றார். ஊர் பெயரைச் சொன்னாரா, ஓட்டின் பெயரைச் சொன்னாரா என்று எனக்கு அன்று பிரித்துத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கத் தோன்றவும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஓடு. "2,500 வருஷம்" என்பேன். தீபாவளிக்கு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்று கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பேப்பரில் போட்டிருந்தார்கள்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டார். பேப்பரில் போட்டது இந்த ஓட்டைப் பற்றி இல்லையே என்று எனக்கு உறைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின.

நான் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை பார்ப்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரின் மண்ணைத் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறேன். எங்கள் தொழிலில் மண் என்பது லாரிக் கணக்கு. எத்தனை நடை, எங்கே கொட்டுவது, மழை வருவதற்குள் முடியுமா, அவ்வளவுதான். 2015-ல் எம்பிரஸ் பிளேஸ் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது வேலிக்கு உள்ளே வெயிலில் மண்டியிட்டு, சின்னக் கொத்துக்கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். ஆற்றோரத்தை மேம்படுத்தும் வேலை தொடங்குமுன் நடந்த அகழாய்வு அது. சிங்கப்பூரில் அதுவரை நடந்தவற்றில் மிகப் பெரியது என்று பிறகு படித்தேன். அன்று என் மனதில் ஓடியது ஒன்றுதான்: ஒரு எக்ஸ்கவேட்டரும் நம்ம சிவகங்கைப் பையன் ஒருத்தனும் இருந்தால் இதை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துத் தந்துவிடுவேனே. இதை நான் வெட்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். தளத்தில் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த எவனும் அப்படித்தான் நினைப்பான்.

காப்பிக்கடைச் சோழர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நான்கைந்து பேர் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் கூடுவோம். அரசியல், பிள்ளைகளின் படிப்பு, மூட்டுவலி. சோழர் காலத்தைத் தொடாமல் ஒரு வாரமும் முடிவதில்லை. நண்பர் ஒருவர், சிங்கப்பூர் ஆற்று முகத்தில் ஒருகாலத்தில் நின்ற எழுத்துப் பாறையான சிங்கப்பூர்க் கல்லைப் பற்றி ஆரம்பித்தால் தே ஓ (பால் விடாத தேநீர்) ஆறிவிடும். 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இயன் சின்கிளேர், கல்லில் 'கேசரிவ' என்று வாசிக்கத்தக்க எழுத்துகள் இருக்கின்றன, அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டப்பெயரின் பகுதியாக இருக்கலாம் என்று எழுதினார். நண்பருக்கு அந்த 'இருக்கலாம்' காதில் விழவே இல்லை. "ராஜேந்திர சோழன் இங்கே நின்று கல் வெட்டியிருக்கிறான்" என்று மேசையைத் தட்டுவார். நானும் பல வாரம் கூடத் தட்டியிருக்கிறேன்.

கல்லின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்று முகத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமுமாக நின்ற மணற்பாறை, அதில் ஐம்பது வரிக்குக் குறையாத எழுத்து. ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819-லேயே கண்ணில் பட்டுவிட்டது. வாசிக்க முயன்றவர்களைப் பற்றி, ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சிலர் மாவைப் பிசைந்து எழுத்தின்மேல் அழுத்திப் பார்த்தார்களாம், சிலர் மையைத் தடவிப் பார்த்தார்களாம். இந்துக்கள் இது எங்கள் எழுத்து என்றார்கள், ஆனால் வாசிக்கத் தெரியவில்லை. சீனர்கள் எங்கள் எழுத்து என்றார்கள். தமிழும் படித்தவரான அப்துல்லாவுக்கோ அது அரபி எழுத்துப் போல மேடு பள்ளமாகத் தெரிந்ததாம். இருநூறு வருடத்துக்கு முந்தைய காப்பிக்கடை. 1843-ல் ஆற்றின் வாயை அகலப்படுத்தவும், கோட்டைக்குக் கட்டடம் கட்டவும் அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது ஒரே ஒரு துண்டு.

அந்த இடத்துப் பொறியாளரை வில்லனாக்குவது எளிது. எனக்கு அது முடியவில்லை. வேலை அட்டவணை கையில் இருக்கிறது, குறுக்கே ஒரு பாறை நிற்கிறது, யாருக்கும் புரியாத கிறுக்கல் அதன்மேல். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வெடிமருந்துக்கு ஆள் அனுப்பியிருப்பேன். இது எனக்குள் சும்மா கிடந்த ஒரு நெருடல். அது வலியாக மாறியது வேறோர் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால்.

தண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ், சல்லடைத் தட்டு

தோண்டியெடுத்த ஓடுகளைக் கழுவித் தரும் தொண்டூழியத்துக்கு என் மகள்தான் பெயர் கொடுத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்குத் திடீரென்று பரீட்சைப் படிப்பு வந்துவிட, "பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதுப்பா" என்று என்னை அனுப்பினாள். எந்தக் குழு, எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு நீளமான அறை, சுவரோரம் பெட்டி பெட்டியாகப் பைகள், நடுவில் மேசைகள், மூலையில் ஒரு நிற்கும் மின்விசிறி. மேற்பார்த்த பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். "அங்கிள், ஒரே ஒரு விதிதான்" என்றார் ஆங்கிலத்தில். "ஒரு நேரத்தில் ஒரு பை. பையில் இருக்கும் அட்டை தட்டோடு போக வேண்டும். ஓட்டைவிட அட்டை முக்கியம்."

வேலை சுகமாகத்தான் இருந்தது. பையைத் தட்டில் கவிழ்த்து, ஓடுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ள வேண்டும். பீங்கானைக் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கலாம், பளிச்சென்று நீலம் எட்டிப் பார்க்கும். மண்ணோட்டை அப்படித் தேய்க்கக் கூடாது. உடைந்த விளிம்பு கரைந்துபோனால் நாளைக்கு அதன் ஜோடித் துண்டு கிடைத்தாலும் ஒட்டாது. அடிப்பக்கம் கரி பிடித்திருந்தால் பிரஷ் படவே கூடாது. அது அழுக்கில்லை, யாரோ அடுப்பேற்றிச் சமைத்த தடயம். என் அம்மா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் வாழ்நாள் முழுக்கச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துப் போக்கியது அதைத்தான்.

அரை மணியில் எனக்குக் கை பழகிவிட்டது. கை பழகியவுடன் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒரு பை ஊறட்டும், அதற்குள் அடுத்ததைக் கழுவலாம். இரண்டாவது பையையும் திறந்தேன். இரண்டு தட்டு, இரண்டு அட்டை, அட்டைகள் மேசை ஓரத்தில். மின்விசிறி திரும்பியபோது இரண்டும் பறந்து கீழே விழுந்தன. குனிந்து எடுத்தேன். ஒரே குழி எண், ஒரே தேதி, ஒரே கையெழுத்து. எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்பதைக் குறிக்கும் இலக்கம் மட்டும் வேறு: ஒன்றில் 3, மற்றதில் அதைவிட ஆழமான 5. எது எந்தத் தட்டினுடையது? ஒரு நொடி யோசித்தேன். ஒரு நொடிதான். பிறகு இடது தட்டில் ஒன்று, வலது தட்டில் ஒன்று வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சிறிது நேரம் கழித்து அந்தப் பெண் பின்னால் வந்து நின்றார். 5 என்று அட்டை கிடந்த தட்டிலிருந்து ஒரு பீங்கான் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையில் நீல அச்சுப் பூ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய சாப்பாட்டுத் தட்டின் துண்டு. ஐந்தாம் அடுக்கு அந்தக் குழியில் பதினான்காம் நூற்றாண்டு. அவர் முகம் பிரகாசமானது, உடனே சுருங்கியது. "இது இங்கேதான் இருந்ததா, அங்கிள்?"

சொல்லிவிட்டேன். மின்விசிறி, இரண்டு பை, ஒரு நொடி, எல்லாவற்றையும். பிறகு, குற்றவாளிகள் எல்லோரும் செய்வது போல, தீர்வும் நானே சொன்னேன்: "நீலப் பூ போட்டதெல்லாம் 3-க்குப் போகட்டும், பழைய சீனப் பீங்கான் 5-க்கு. பிரித்துவிடலாமே?"

அவர் கோபப்படவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் மண்ணோடுகளைக் காட்டினார். இரண்டு தட்டிலும் பழுப்பு, சாம்பல், எந்த அலங்காரமும் இல்லாத சமையல் பானைத் துண்டுகள். பார்த்தால் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவற்றை எதை வைத்துப் பிரிப்பது? பிறகு அந்த நீலப் பூவைத் தொட்டார். "இதையும் பிரிக்க முடியாது. பிற்காலத்தில் யாராவது குப்பைக்குழி வெட்டி ஐந்தாம் அடுக்கைக் கலைத்திருந்தால் இந்தத் துண்டு உண்மையாகவே 5-ல் இருந்திருக்கும். அப்படிக் கலைந்ததா இல்லையா என்பதுதான் எங்கள் கேள்வி. 'புதியதெல்லாம் மேலே, பழையதெல்லாம் கீழே' என்று நாமே அடுக்கிவைத்துவிட்டு, பிறகு பார், அடுக்கு கலையாமல் இருக்கிறது என்று சொன்னால் அது என்ன ஆய்வு?"

அலமாரியிலிருந்து அந்தக் குழியின் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினார். கோட்டுத்தாளில் பென்சிலால் வரைந்த குழிச் சுவர். அடுக்குக்கு அடுக்கு மண்ணின் நிறம், ஈரம், மணலா களியா என்று பொடி எழுத்தில் குறிப்பு. ஓர் ஓரத்தில் வியர்வையோ மழையோ விழுந்து பென்சில் கலங்கியிருந்தது. அவருடைய கையெழுத்துத்தான். ஐந்தாம் அடுக்கைச் சுரண்டி இறக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள் பிடித்ததாம். இரண்டு தட்டையும் ஒரே பையில் கொட்டி, புது அட்டையில் '3 / 5 கலந்தது' என்று எழுதினார். "எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஓடுகூட உடையவில்லை, ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லாம் பளிச்சென்று கழுவி வைத்தபடி அங்கேயே இருக்கின்றன.

இரண்டு தடவை தோண்ட முடியாது

எங்கள் தொழிலில் பிழை நடந்தால் திருத்தலாம். கான்கிரீட் சரியில்லையா, உடைத்துவிட்டு மறுபடி ஊற்று. பணம் போகும், திட்டு விழும், ஆனால் தூண் வந்துவிடும். அகழாய்வுக் குழியை மறுபடி மூடி, மறுபடி தோண்ட முடியாது. வேதியியல்காரர் ஒரு சோதனையைப் பத்துத் தடவை செய்து பார்க்கலாம். தொல்லியலாளர் தன் சோதனையைச் செய்யும்போதே சோதனைப் பொருளை அழித்துக்கொண்டே போகிறார். மிஞ்சுவது தாளில் வரைந்ததும் அட்டையில் எழுதியதும்தான். எம்பிரஸ் பிளேஸில் மண்டியிட்டிருந்தவர்கள் பொருளைத் தேடுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பொருள் எப்படியும் கிடைத்துவிடும், எக்ஸ்கவேட்டர் வாளியிலும் கிடைக்கும்.

அப்படிக் கிடைத்ததற்கு இங்கேயே சாட்சி உண்டு. 1928-ல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. காலமுகம் என்ற பூத முகம் பொறித்த தோள்வளை, காதணிகள். அவற்றில் சில ஜப்பானியர் ஆட்சிக்காலக் குழப்பத்தில் போய்விட்டன, மிச்சத்தை அரும்பொருளகத்தில் பார்க்கலாம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஜாவாவின் வேலைப்பாட்டை ஒத்திருப்பதால் பதினான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். பக்கத்தில் என்ன கிடந்தது, பெட்டியில் வைத்துப் புதைத்ததா, ஓடும்போது தவறியதா, அதே மண்ணில் ஒரு செங்கலாவது இருந்ததா? மண்வெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. அதே குன்றில் 1984 ஜனவரியில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் சிறிய அளவில் ஓர் அகழாய்வு செய்தார். முறைப்படி நடந்த முதல் அகழாய்வு இங்கே அதுதான். கிடைத்தவை பெரும்பாலும் உடைசல்கள். ஆனால் ஆங்கிலேயர் காலத்து மண்ணுக்குக் கீழே, கலையாத பதினான்காம் நூற்றாண்டு அடுக்கில் கிடைத்த உடைசல்கள். ராஃபிள்ஸுக்கு ஐந்நூறு வருடம் முன்பே இங்கே ஒரு துறைமுகம் இருந்தது என்பதை ஏட்டுக்கதையிலிருந்து வரலாற்றுப் பாடத்துக்குக் கொண்டுவந்தவை அந்த உடைசல்களும், அவற்றைத் தொடர்ந்து மற்ற இடங்களில் வந்தவையும்தான்.

இன்னொன்று. இங்கே பதினான்காம் நூற்றாண்டு அடுக்குகளில் சீனாவின் சோங் மரபுக் காலத்துச் செப்புக்காசுகள் நிறையக் கிடைக்கின்றன. அச்சடித்தது இருநூறு, முந்நூறு வருடம் முன்பு, ஆனால் புழக்கத்தில் தொடர்ந்து இருந்தவை. அடுக்கு தெரியாமல் ஒரு காசை மட்டும் கையில் கொடுத்தால் நம் காப்பிக்கடை நண்பர் பதினோராம் நூற்றாண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார். பதினோராம் நூற்றாண்டு என்றால் அடுத்த வார்த்தை ராஜேந்திரன்.

தமிழ்நாட்டுப் பக்கம் போனாலும் இதே கதைதான். கீழடிக்கு அவ்வளவு பழைய தேதி எப்படி வந்தது? 2018-ல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த கரித்துண்டுகளைக் காலம் கணிக்க அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்று விடை வந்தது. மறுவருடம் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கரி. அந்த 353 என்ற எண்ணை ஒருவர் அளந்து எழுதாமல் விட்டிருந்தால் அது யார் வீட்டு அடுப்புக்கரி? புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், கட்டம் கட்டமாகக் குழி வெட்டி, குழிக்குக் குழி நடுவில் மண்சுவரை விட்டுவைத்து, அதில் தெரிந்த அடுக்குகளை வரைந்து வைத்தார். அவர் சொன்ன காலக்கணிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தொல்லியலாளர் விமலா பெக்லி மறுத்தபோது, வீலர் விட்டுச்சென்ற பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் மறுத்தார். கவனமாகத் தோண்டியவரைத்தான் பின்னால் வருபவர் தவறென்று காட்டவும் முடியும். அவசரமாகத் தோண்டியவரோடு வாதாட முடியாது, நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம்.

இங்கேதான் எனக்கும் காப்பிக்கடைக்கும் சற்றே கசப்பு வந்தது. "ஐம்பது வரியில் ஒரு வார்த்தையின் பாதியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். மிச்சத்தை வாசிக்காமல் சோழனென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நண்பர், "நீ யார் பக்கம்?" என்றார். நான் அட்டை பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை. நம் பெருமை மண்ணுக்குள் இருக்கிறது என்று நம்புகிறவர்தானே மற்றவர்களைவிட மெதுவாகத் தோண்டச் சொல்ல வேண்டும்? கடாரத்தில், அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவில், புஜாங் பள்ளத்தாக்கில், 2013-ல் ஒரு பழங்கோயிலின் அடித்தளத்தை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளிய செய்தி வந்தபோது எங்கள் மேசையில் ஐந்து நிமிடம்கூட அதைப் பற்றிப் பேச்சு ஓடவில்லை. கடாரம் கொண்டான் என்ற பெயரை மட்டும் வாரம் தவறாமல் சொல்கிறோம்.

இந்த ஊரில் நிலம் எவ்வளவு அருமை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா இடத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது, வீடு வேண்டும், ரயில் வேண்டும். நானும் அதில்தான் சம்பளம் வாங்குகிறேன். நான் கேட்பது அட்டவணையில் சில வாரங்கள், அதுவும் அடித்தளத் தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் வருமுன். பிறகு தாராளமாக முப்பது மாடி எழுப்பிக்கொள்ளலாம். இதைத் தளக் கூட்டத்தில் ஒரு தடவை சொன்னேன். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

ஊருக்கு ஒரு போன்

போன மாதம் ஷோகேஸைத் துடைத்தபோது மாமாவின் ஓட்டைக் கையில் எடுத்தேன். ஓர் அட்டையாவது எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. போன் போட்டேன்.

"மாமா, அந்த ஓடு எங்க எடுத்தீங்க?"

"எந்த ஓடு? ஓ, அதுவா. நம்ம தென்னந்தோப்புல, கிணத்தடியில."

"மேலேயே கிடந்துச்சா, தோண்டினப்ப வந்துச்சா?"

"இரு இரு. தோப்புல இல்ல. சூளைக்கு மண்ணு எடுத்த பள்ளத்துல. மழை பெஞ்சு அரிச்சிருந்துச்சு." பின்னால் அத்தையின் குரல் கேட்டது. மாமா போனை மூடிக்கொண்டு ஏதோ கேட்டார். திரும்ப வந்தார். "அவ சொல்றா, அது உங்க பெரியப்பா மகன் குடுத்ததாம். அவன் எங்க எடுத்தான்னு அவனத்தான் கேக்கணும்."

"அவர் நம்பர் இருக்கா?"

"அவன் போயி ரெண்டு வருஷம் ஆச்சே மாப்ள, உனக்குச் சொல்லலியா?"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் சும்மா ஓட்டின் வழவழப்பான ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஏன் மாப்ள, ஒடஞ்சு போச்சா?" என்றார் மாமா. "கவலப்படாத. தை மாசம் வர்றேன்ல, அதவிடப் பெருசா ஒண்ணு கொண்டாறேன்."